கல் மேடைக்குச் சீலர் பூசலாமா? கல்லையே கேட்டுவிடுங்கள்

கல்லில் கறை சட்டென இறங்காமல் இருக்கப் பூசும் திரவம்தான் சீலர். சமையல் மேடைக்கு அதில் வாங்கத் தகுந்தது கல்லுக்குள் ஊடுருவும் வகைதான். அது மேலே படலமாக நிற்காது. நுண்துளைகளின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை விலக்கும். பளபளப்பு கூடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். சிந்தியது உள்ளே இறங்குவதற்குள் துடைத்தெடுக்க அவகாசம் தரும், அவ்வளவே.

வாங்குமுன் ஒரு சோதனை. காய்ந்த கல்லில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் பயன்படும். நிறம் மாறவில்லையா, பணம் மிச்சம். தொட்டிக்குப் பக்கத்தில், அடுப்போரம், இணைப்பு என மூன்று இடத்தில் பாருங்கள். ஒரே கல்லிலும் இடத்துக்கு இடம் மாறும். வெளிர்நிற கிரானைட் பெரும்பாலும் குடிக்கும். அடர்த்தியான கறுப்புக் கல் குடிப்பது மிகக் குறைவு. அதில் பூசினால் சீலர் மேலேயே நின்று மங்கலாகப் படியும். குவார்ட்ஸ் என்று விற்கும் தயாரிப்புக் கல்லுக்கு இது வேண்டவே வேண்டாம், அதன் துளைகளை ரெசின் (செயற்கைப் பிசின்) அடைத்திருக்கிறது.

லேபிளில் கவனிக்க வேண்டியது, எண்ணெயையும் தடுக்குமா என்பதை. சிலேன், சிலாக்ஸேன் என்ற சிலிக்கன் வகை வேதிப்பொருட்கள் மட்டும் உள்ளவை தண்ணீரை நன்றாகத் தடுக்கும், எண்ணெயிடம் தோற்கும். சமையலறைக்கு, எண்ணெயையும் விலக்கும் ஃப்ளோரோபாலிமர் கலந்ததே சரி.

பூசுமுன் மிதமான பாத்திரச் சோப்பால் கழுவி, 24 மணி நேரம் காயவிடுங்கள். ஈரம் இருக்கும் துளைக்குள் சீலர் இறங்காது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கையுறை போடுங்கள். தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் (சால்வென்ட்) கலந்து வரும் சீலர் எளிதில் தீப்பிடிக்கும். ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மட்டும் துணியால் பூசி, லேபிள் சொல்லும் நேரம் (வழக்கமாக 5 முதல் 15 நிமிடம்) விட்டு, மிச்சம் முழுவதையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எடுக்காத மிச்சம் காய்ந்து பிசுபிசுப்பான மூட்டமாகிவிடும். அப்படி ஆனால் அதன் மேலேயே கொஞ்சம் சீலர் விட்டால் இளகும், உடனே அழுத்தித் துடைத்துவிடலாம். பூசிய பின் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது.

பழைய கறை இருந்தால் முதலில் அதை எடுங்கள். மேலே பூசினால் கறை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அரை சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு முழுக்கக் காயவிட வேண்டும். பசை காயும்போதுதான் எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது, ஈரமாகவே வழித்தால் பலன் பாதிதான். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

மார்பிள் வைத்திருப்பவர்களுக்கு: சீலர் அதில் கறையைத் தாமதப்படுத்தும், எலுமிச்சையையும் வினிகரையும் தடுக்காது. மார்பிள் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டதும் மேற்பரப்பே கரைந்து வெளிறும். அதற்குத் தீர்வு மறு பாலிஷ் மட்டுமே.

அடுத்த பூச்சு எப்போது என்று நாள்காட்டியைப் பார்க்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஒரு ஸ்பூன் தண்ணீரை விட்டுப் பாருங்கள், கல் கருத்தால் மறுபடி பூசுங்கள்.