‘இளையராஜாவின் முதல் மெட்டு’ என்று மதுரையில் சுற்றும் ஸ்பூல் டேப்: வாங்கிவிடாதீர்கள்

மதுரையிலும் தேனிப் பக்கமும் பழைய இசைத்தட்டு, கேசட் சேர்ப்பவர்களைத் தேடிப்பிடித்து ஒருவர் ஒரு ஸ்பூல் டேப்பை (கேசட்டுக்கு முந்தைய, ரீலில் சுற்றிய ஒலிநாடா) விற்றுக்கொண்டிருக்கிறார். இளையராஜா சினிமாவுக்கு வருவதற்கு முன் பதிவான, எங்கும் வெளிவராத முதல் மெட்டு அதில் இருப்பதாகச் சொல்வார். அதில் இருப்பது ஒரு கல்யாண வீட்டின் மொய் வசூல். 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்து அந்த மொய்யை முழுவதும் கேட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

ஆள் பாடத்தை நன்றாகப் படித்தவர். ராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தது, 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக் குழுவில் சேர்ந்தது, கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தது, 1968இல் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் இசை படித்தது எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பார். 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராஜா போட்டதுதான் முதல் மெட்டு என்பார். இவை அத்தனையும் உண்மை. ரசிகர்கள் எங்கெங்கோ படித்துத் தெரிந்துவைத்திருப்பவை. தன்னுடைய பொய்யை அவர் அந்த வரிசையின் கடைசியில்தான் வைப்பார்: “அந்த மெட்டை ஏலக்காய்த் தோட்டத்து மேலாளர் ஒருவர் தன் வீட்டு ஜெர்மன் மெஷினில் பதிவு செய்து வைத்திருந்தார் அண்ணே. அவர் குடும்பத்தில் இருந்து என் கைக்கு வந்தது.” முன்னால் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று காது பழகிவிடுகிறது.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில் வைத்துத் தன் செல்போனில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். ஆர்மோனியம், ஓர் இளைஞனின் குரல், மேலே ஒரே கரகரப்பு. கம்பத்துக்குப் போகும் பஸ்களின் ஹாரனுக்கு நடுவே அது யாருடைய குரலாகவும் கேட்கும். மொத்த விலை 60,000 ரூபாய். முன்பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் டேப் கையில். கூடவே ஒரு நிபந்தனை: “எந்த மெஷினிலும் போட்டுவிடாதீர்கள் அண்ணே, உதிர்ந்துவிடும். ஓவனில் வைத்துச் சூடுபடுத்திய பிறகுதான் ஓட்ட வேண்டும். அதற்குச் சென்னையில் ஆள் இருக்கிறது. 9,000 ஆகும்.”

இந்த நிபந்தனைதான் அவருடைய முழு வியாபாரமும். ஓட்டிப் பார்க்கக் கூடாத டேப்பில் எதை வேண்டுமானாலும் இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எடுபடுகிறது. சில பழைய டேப்புகளின் பூச்சு பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும், அவற்றைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்துத்தான் ஓட்டுவார்கள். ஆனால் அந்த ஒட்டும் நோய் பெரும்பாலும் 1970களுக்குப் பிறகு வந்த பாலியெஸ்டர் டேப்புகளுக்கு உரியது. அதற்கு முந்தைய அசிடேட் டேப்பை ஓவனில் வைத்தால் காய்ந்து சுருண்டு பாழாகிவிடும். ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே எது என்று ஓரளவு தெரியும்: அசிடேட் என்றால் சுருளின் ஊடே வெளிச்சம் மங்கலாக வரும், பாலியெஸ்டர் இருட்டாக நிற்கும். கெட்டுப்போன அசிடேட்டில் வினிகர் வாடை அடிக்கும். என் கைக்கு வந்த ரீல் கும்மிருட்டு. தொட்டால் ஒட்டவும் இல்லை, உதிரவும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை விளக்கடியில் வைத்து அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். நீல மையில், கொஞ்சம் தேநீர்க் கறையோடு இப்படி எழுதியிருந்தது: ‘இளையராஜா முதல் மெட்டு, பண்ணைப்புரம், தேனி மாவட்டம், 1964.’ கறை மட்டும் உண்மையாக இருக்கலாம். 1964இல் இளையராஜா என்று ஒருவர் கிடையாது. ராஜையா என்றுதான் கூப்பிட்டார்கள். ‘இளைய’ சேர்ந்தது 1976இல் முதல் படமான அன்னக்கிளியோடு, அதில் அவரை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலம் சேர்த்தது. தேனி மாவட்டமும் அப்போது கிடையாது. மதுரை மாவட்டத்தில் இருந்து அது பிரிந்தது 1996இல். இவ்வளவும் போதாதென்று, ‘இளைய’வில் உள்ள ளையும் ‘பண்ணை’யில் உள்ள ணையும் இப்போது நாம் எழுதுகிற மாதிரியே இருந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அவற்றை யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டுத்தான் எழுதுவார்கள். என் அப்பாவின் கணக்கு நோட்டுகளில் 1980களில்கூட அந்தத் தும்பிக்கை போகவில்லை.

போன் போட்டேன். கொஞ்சமும் தடுமாறாமல், “பெட்டி பிற்பாடு மாற்றியது அண்ணே, டேப் பழசு” என்றார். நியாயமான பதில்தான், மறுக்க முடியாது. பெட்டியை வைத்து டேப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் டேப்பையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

மதுரையில் ஸ்பூல் மெஷின் ஓடுகிற நிலையில் கிடைப்பது லேசு இல்லை. டவுன்ஹால் ரோட்டில் விசாரித்ததில் எல்லாரும் கை விரித்தார்கள். கடைசியில் திருப்பரங்குன்றம் பக்கம் மைக் செட் தொழிலை விட்டு ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர் பெல்ட் மாற்றி ஓடவைத்த ஒரு மெஷினை வைத்திருந்தார். டேப்பைக் கையில் வாங்கி, விரலால் ஒரு முறை தடவி, “இதற்கு ஒன்றும் ஆகாது தம்பி” என்று சொல்லி மாட்டிவிட்டார். நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓடியது. முதலில் சலசலப்பு, பாத்திரச் சத்தம். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் ஆரம்பித்தார்: இன்ன ஊர் இன்னார் வகையறா நூற்றியொன்று, இன்ன ஊர் இன்னார் ஐம்பத்தியொன்று, தாய்மாமன் ஐநூற்றியொன்று. தாய்மாமனுக்கு மட்டும் குரலில் ஒரு கம்பீரம். இடையில் யாரோ ஒரு பாட்டி தன் பெயரைத் தவறாகப் படித்துவிட்டதாகச் சண்டைக்கு வருகிறார், திருத்திப் படித்த பிறகும் அவர் சமாதானம் ஆகவில்லை. பந்தலுக்கு வெளியே குழாய் ஸ்பீக்கரில் முதல் மரியாதை பாட்டு போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் படம் 1985. கேசட் வந்த பிறகும் ஸ்பூலை விடாத யாரோ ஒருவர் தன் வீட்டு விசேஷத்தைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வீட்டாருக்கு இது பொக்கிஷம். யாருடையது என்று தெரிந்தால் கொடுத்துவிடுவேன்.

செல்போனில் கேட்ட துண்டு இந்த டேப்பில் எந்த இடத்திலும் இல்லை. வாட்ஸப்பில் அவர் அனுப்பியிருந்த அதே துண்டைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “டேப் இரையும் தம்பி, இப்படிப் பொரியாது. இது இசைத்தட்டுப் பொரிப்பு.” நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டில் கீறல் விழுந்திருந்தால் முக்கால் நொடிக்கு ஒரு தரம் டிக்கென்று அடிக்கும், தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் அது. இந்தத் துண்டில் அந்தக் கணக்கும் இல்லை. நாலு நொடிக்கு ஒரு தரம் ஒரே மாதிரியான பொரிப்பு அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தது. பழசு மாதிரி கேட்க வேண்டும் என்று எவரோ கணினியில் வெட்டி ஒட்டியது.

மறுபடி போன் செய்தேன். மொய் விஷயத்தைச் சொன்னதும் விற்றவர் சொன்ன பதில் இது: “அதிலும் ராஜா பாட்டு இருக்கிறதல்லவா அண்ணே?” பிறகு எண்ணை மாற்றிவிட்டார்.

பணம் போன கணக்கு அவர் பெயரில் இல்லை, வேறு யாருடையதோ. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துச் சொல்லிவிட்டேன், காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கியிருக்கிறேன். இணைய வழியில் பணம் போயிருந்தால் 1930க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பேரம் பேசும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: இதை யூடியூபில் போட்டால் போட்ட காசைப் போல பல மடங்கு வரும் என்று. நிஜமான டேப்பாகவே இருந்தாலும் ரீலை வாங்கியவருக்கு ரீல்தான் சொந்தம், பாட்டின் உரிமை சேர்ந்து வராது. அதுவும் தன் பாட்டுக்காக நீதிமன்றம் வரை போகிற ஒருவருடைய மெட்டை வைத்து இப்படி ஆசை காட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்த ஆள் இப்போது கையில் வேறு சரக்கு வைத்திருப்பதாகத் திண்டுக்கல் நண்பர் ஒருவர் சொன்னார். பாடகர் டி.எம்.எஸ். தன் முதல் படமான கிருஷ்ண விஜயத்துக்கு முன்பு மதுரையில் பாடிய பஜனையாம், அதுவும் ஸ்பூலாம், அதையும் ஓட்டிப் பார்க்கக் கூடாதாம். உங்களிடம் வந்தால் பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மெஷின் தயாராக இருக்கிறது, இங்கேயே ஓட்டிக் கேட்டுவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். திருப்பரங்குன்றத்துப் பெரியவர் சம்மதித்திருக்கிறார், காசு எதுவும் வாங்க மாட்டார்.