14 வருடம் கழித்து வந்த நோட்டீஸும், அவசரத்தில் நான் போட்ட கையெழுத்தும்

விவாகரத்து ஆகி 14 வருடங்களுக்குப் பிறகு என் முன்னாள் கணவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீட்டில் பங்கு வேண்டும், உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டுவிட்டதால் மாதாமாதம் ஜீவனாம்சமும் வேண்டும் என்று இரண்டு பக்கம். அந்த நோட்டீஸை விட, அது வந்த பத்து நாளுக்குள் நான் செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பெரிய நஷ்டமாகிவிட்டது. இப்படி ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தூக்கமில்லாமல் இருந்தால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது பரஸ்பர சம்மத விவாகரத்து. குழந்தை இல்லை. வீடு என் பெயரில், கடன் தவணையும் என் சம்பளத்தில்தான் போனது. வாங்கும்போது அவர் போட்ட முன்பணத்தைக் காசோலையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எழுதித் தந்த வக்கீல், "இதோட எல்லாம் முடிஞ்சதும்மா, நிம்மதியா இரு" என்றார். நம்பினேன். ஆனால் அந்தப் பேப்பரை அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவே இல்லை. அசலும் அவரிடமே தங்கிவிட்டது. அவர் இப்போது தொழிலில் இல்லை. தீர்ப்பாணையை எடுத்துப் பார்த்தால், திருமணம் கலைக்கப்படுகிறது என்று மட்டும் இருக்கிறது. பணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நோட்டீஸ் வந்த அன்று கை நடுங்கியது. உறவினர் ஒருவர், குடும்பத் தகராறுகளைப் பேசி முடித்துத் தருபவர் என்று ஒருவரை அழைத்து வந்தார். "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா அலையணும். உங்க அண்ணன் மாதிரி நினைச்சுக்கங்க, நான் பேசி முடிக்கிறேன்" என்றார் அவர். கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'தங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தவணை முறையில் தந்துவிடுகிறேன்.' பாக்கி என்று ஏன் எழுத வேண்டும், நான்தான் எல்லாம் கொடுத்துவிட்டேனே என்று கேட்டேன். "அப்படி மரியாதையா எழுதினாத்தான் அவர் இறங்கி வருவார்" என்றார். கையெழுத்துப் போட்டு, முதல் தவணையையும் அவரிடமே கொடுத்தேன்.

இருபது நாளில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. என் கடிதத்தின் நகலை அதோடு இணைத்திருந்தார்கள். பாக்கி இருப்பதை நானே ஒப்புக்கொண்டுவிட்டேனாம். அண்ணன் மாதிரி வந்தவர் முதலில் "பேசறேன்" என்றார், பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பின்னாளில் சமரசப் பேச்சில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் எதிர்த் தரப்பிலும் கட்டணம் வாங்கியிருக்கிறார். நான் கொடுத்த தவணையும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகுதான் ஒரு நல்ல வக்கீலிடம் போனேன். அந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பாக்கி என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 25ஆம் பிரிவின்படி, காலம் கடந்து வசூலிக்க முடியாமல் போன கடனைக்கூட, தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த வாக்குறுதி செல்லும். செத்துக் கிடந்ததற்கு நானே உயிர் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஜீவனாம்சம் வேறு விஷயம். இவ்வளவு வருடம் ஆகிவிட்டதே, இனி எப்படிக் கேட்க முடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், அதுவும் 25ஆம் பிரிவுதான், தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலுமோ கேட்கலாம் என்று இருக்கிறது. மனைவி மட்டுமல்ல, கணவரும் கேட்கலாம். கேட்டாலே கிடைத்துவிடாது, இருவருடைய வருமானம், சொத்து, நடத்தை எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் வாசல் திறந்துதான் இருக்கிறது. இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய கதை உண்டு. டேல் வின்ஸ் என்பவர் 1992இல் விவாகரத்து பெற்றபோது கையில் ஒன்றுமில்லாதவர். பிறகு காற்றாலை மின்சாரத்தில் பெரும் பணக்காரரானார். 2011இல் முன்னாள் மனைவி பணம் கேட்டு வழக்குப் போட்டார். தாமதத்தைக் காரணம் காட்டி ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு 3 லட்சம் பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் என்னை உலுக்கிய விஷயம், பழைய கோப்பிலிருந்து விவாகரத்து ஆணை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பணக் கணக்கு அன்றைக்கே தீர்ந்ததா என்று காட்ட ஒரு காகிதம் இல்லை.

என் காகிதங்களைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். அவ்வளவு பழைய கணக்கு இல்லை என்று வங்கியில் கை விரித்துவிட்டார்கள். கடைசியில் பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே என் பாஸ்புக் கிடைத்தது. அந்தக் காசோலை எண்ணும் தொகையும் தேதியும் மங்கலாக, ஆனால் படிக்கும்படி இருந்தன. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீதிமன்ற ரெக்கார்டு ரூமில் வழக்கு எண்ணையும் ஆண்டையும் கொடுத்து நகல் மனு போட்டதில், அன்று நீதிபதி முன் என் முன்னாள் கணவர் கொடுத்த வாக்குமூலமும் கிடைத்தது. கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டோம் என்று ஒரே ஒரு வாக்கியம் அதில் இருந்தது.

அந்த இரண்டையும் வைத்த பிறகு வீட்டுப் பங்குக் கோரிக்கையை அவர்கள் கைவிட்டார்கள். என் கடிதத்துக்காகவும் ஜீவனாம்சத்துக்காகவும் சேர்த்து ஒரு தொகை கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடிதம் மட்டும் இல்லாவிட்டால் பாதி கூட ஆகியிருக்காது என்றார் என் வக்கீல். பேசி முடிப்பவர் மீது புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாததால் அது நகரவில்லை.

ஒன்று சொல்கிறேன். வக்கீல் நோட்டீஸ் வேறு, நீதிமன்ற சம்மன் வேறு. நோட்டீஸுக்கு யோசித்து, வக்கீல் மூலமாகப் பதில் அனுப்ப அவகாசம் இருக்கும். சம்மனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நீங்கள் இல்லாமலேயே உத்தரவு போட்டுவிடுவார்கள். இரண்டில் எது வந்தாலும் எதிர்த் தரப்புக்குப் போன் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள், நல்லெண்ணத்துக்காக என்று ஒரு சின்னத் தொகைகூட அனுப்பாதீர்கள். முதலில் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை வாங்கி, பணத்தைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இப்போதுதான் விவாகரத்து நடக்கிறது என்றால், செட்டில்மென்ட் விவரம் மனுவிலும் உத்தரவிலும் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இந்த முறை எல்லா நிபந்தனைகளையும் நீதிமன்றம் உத்தரவிலேயே பதிவு செய்திருக்கிறது. சான்றிட்ட நகல் இரண்டு வாங்கினேன். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றொன்று, அந்தப் பாஸ்புக்கோடு, என் தங்கையின் வீட்டில் இருக்கிறது.