ஏ4 பெட்டியில் அடங்காத நாடகம்

மறைந்த மாமனார் கோயில் கூத்திலும் டர்பன் நகர மேடை நாடகங்களிலும் நடித்தவர். அவர் விட்டுப்போன தாள்களுக்காக, அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியும் பாலியெஸ்டர் உறைகளும் சேர்ந்த ஒரு செட்டை ஆன்லைனில் வாங்கினேன். விலை கொஞ்சம் காட்டம்தான்.

உறைக்கு முழு மார்க். அவர் நோட்டீஸ்களை எல்லாம் சாதா பிவிசி பாக்கெட்டில் வைத்திருந்தார். எங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதிப் புழுக்கத்தில் அது பிசுபிசுத்து, போட்டோகாப்பி மையை உரித்து எடுத்துவிட்டது. ஒரு நோட்டீஸில் 'அர்ஜுனன் தபசு' என்ற தலைப்பு இப்போது பிளாஸ்டிக்கில் இருக்கிறது, தாளில் இல்லை! பாலியெஸ்டர் இந்த வேலையைச் செய்யாது. ஆனால் பென்சிலில் எழுதியதை அதில் போடாதீர்கள். நிலைமின்சாரம் கரியை இழுத்துக்கொள்ளும். மாமனார் வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்த பக்கங்களைச் சாதா அமிலமில்லாத் தாளுக்குள் வைத்திருக்கிறேன்.

பெட்டிதான் காலை வாரியது. அட்டை கெட்டி, மூடி இறுக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் செட்டில் வருவது ஏ4 அளவு. அந்தக் காலத்தில் ஸ்டென்சில் வைத்து உருட்டி எடுத்த ரோனியோ பிரதிகளோ ஃபூல்ஸ்கேப் என்ற பழைய தாள் அளவு, 13 அங்குல நீளம். ஏ4 வெறும் 29.7 சென்டிமீட்டர். அதாவது ஒவ்வொரு பிரதியும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். மடித்தால் பழைய தாள் மடிப்பிலேயே முறியும். நம் பழைய நாடகத் தாள்களில் பாதி இந்த அளவுதான் இருக்கும், விற்பவர் இதை ஒரு வரி போட்டிருக்கலாம்.

உள்ளே வைக்கும் முன் துருப்பிடித்த ஸ்டேப்பிளைக் கழற்றுங்கள். 'லீடர்', 'கிராஃபிக்' பத்திரிகைத் துண்டுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். செய்தித்தாளின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் தாவும். ஷா தியேட்டர் அகாடமியின் நிகழ்ச்சி நிரல் ஒன்றில், மேலே கிடந்த துண்டின் வடிவத்திலேயே பழுப்புக் கறை. நாடக ஆசிரியர் ரோனி கோவெந்தரின் குழு அது, இன்னொரு பிரதிக்கு எங்கே போவது? அப்புறம், அமிலமில்லாத பெட்டி என்றால் ஃபிஷ்மாத், அதாவது தாளை அரிக்கும் வெள்ளிப்பூச்சி, வராது என்று நம்பிவிடாதீர்கள். அதற்குப் பசையும் ஸ்டார்ச்சும் இருந்தால் போதும், அமிலக் கணக்கு பார்க்காது. கராஜில் வைக்காமல், வீட்டுக்குள் காய்ந்த அலமாரியில் வையுங்கள்.

வெஸ்ட்வில்லில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறதே, அங்கேயே கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். மாமி, "நான் கண்ணை மூடுற வரைக்கும் வீட்டை விட்டுப் போகாது" என்றுவிட்டார். சரி, ஃபூல்ஸ்கேப் பெட்டி தனியாக ஆர்டர் போட்டாயிற்று. ஏ4 பெட்டியில் போட்டோக்களும் சின்ன நோட்டீஸ்களும் கிடக்கின்றன, அவற்றுக்கு அது தாராளம். நீங்கள் வாங்குவதானால் உறைகளை மட்டும் வாங்குங்கள். பெட்டியை, தாளை ஸ்கேல் வைத்து அளந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.