மேலூர் பக்கம் ஞாயித்துக்கிழமை வரலாற்று நடை: போயிட்டு வந்தாச்சு, 5க்கு 4

மொதல்லயே சொல்லிர்றேன், குழு பேரை இதுல போடல. அவங்களே வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. முன்னாடி ஒருக்கா எவனோ ஒருத்தன் ரீல்ஸ் போட்டு விட்டதுல வழக்கமா நாப்பது பேர் வர்ற எடத்துக்கு முந்நூறு பேர் வந்து நின்னு, சாப்பாடு பத்தாம, பாறை மேல எல்லாம் தண்ணி பாட்டிலா கெடந்து, அதைப் பொறுக்குறதுக்கே மறுநா பாதிப்பொழுது போச்சாம். மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில "மலைக்கு கூட்டிட்டு போறவங்க"ன்னு கேட்டா நம்பர் கெடைக்கும், அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.

விசயம் இதுதான். ரெண்டு வாத்தியார், ஒரு ஸ்டூடியோக்கார அண்ணன், ஒரு நர்ஸ் அக்கா, ரிட்டயர்டு ஆன ஒரு விஏஓ, அப்புறம் ஊர்ப்பசங்க ஏழெட்டு பேர். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மேலூரைச் சுத்தி இருக்குற ஏதாவது ஒரு மலைக்கு கூட்டிட்டுப் போயி அங்க என்ன இருக்குன்னு சொல்றாங்க. காசு கெடையாது, கடைசியில ஒரு எவர்சில்வர் தூக்குவாளி சுத்தி வரும், போடுறவங்க போடலாம். நான் எங்க பாப்பாவையும் (நாலாவது படிக்கிறா) மச்சானையும் கூட்டிட்டு போனேன். மச்சான் வந்தது சாப்பாட்டுக்கு, அது வேற கதை.

மதுரை மாட்டுத்தாவணியில இருந்து மேலூருக்கு பஸ்ஸு வந்துக்கிட்டே இருக்கும், அதுல பிரச்சனை இல்ல. ஆறு மணிக்கு கெளம்பணும்னு மெசேஜ் போட்டுட்டு ஆறே முக்காலுக்குத்தான் வண்டி எடுத்தாய்ங்க, ஏன்னா பேச வேண்டியவரு வரல. அஞ்சரைக்கே புள்ளைய எழுப்பி தலை சீவி கூட்டிட்டு வந்தவனுக்கு கடுப்பு வருமா வராதா. ஒரு டாட்டா ஏஸ், ரெண்டு ஆட்டோ, மிச்சமெல்லாம் பைக்கு. கயிறு கட்டி ஏஸ்ல நின்னுக்கிட்டே வந்ததுதான் பாப்பாவுக்கு அன்னைக்கு பெரிய சந்தோசம், கல்வெட்டெல்லாம் ரெண்டாவதுதான்.

மொத எடம் அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரிய தலம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சே, அதே ஊரு. பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேத்து 193 ஹெக்டேருக்கு கொஞ்சம் மேல. அதுக்கப்புறம் 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டு, இந்த சுத்துவட்டாரம் பூராம் ரோட்டுக்கு வந்து, டிசம்பர்ல சட்டசபையில தீர்மானம் போட்டு, 2025 ஜனவரியில மதுரை வரைக்கும் ஊர்வலம் போயி, அதே மாசம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணுச்சு. அதெல்லாம் டிவியில பாத்ததுதான். ஆனா அங்க கண்மாய் கரையில நின்னுக்கிட்டு "இந்தா தெரியுதுல்ல அந்த மொட்டப்பாறை, அதுவும் அந்த சுரங்க வரைபடத்துக்குள்ள இருந்துச்சு"ன்னு விஏஓ ஐயா கையை நீட்டி காட்டுனப்பதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. மனுசன் வாழ்க்கை பூரா சர்வே நம்பரோட பொழங்குனவரு, ஒவ்வொரு பாறைக்கும் பட்டாவுல என்ன பேரு, ஊர்க்காரங்க வாயில என்ன பேருன்னு ரெண்டையும் சொல்றாரு. இந்த மாதிரி ஆள் எந்த டூரிஸ்ட் பேக்கேஜ்லயும் கெடைக்க மாட்டாரு.

குடைவரை சிவன் கோயில் பாத்தோம். பாண்டியர் காலத்துது, 7ஆம் 8ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க, மலையக் கொடஞ்சு உள்ள லிங்கம், வெளியில ஒரு பக்கம் பிள்ளையார் இன்னொரு பக்கம் லகுலீசர் (சிவனோட அவதாரம்னு கும்புடுற பாசுபத சைவ குரு). லகுலீசர் சிலை தமிழ்நாட்டுலயே அபூர்வம். அங்க மைக்கு கொய்ங்குன்னு கத்துனதுல பாதி பேச்சு கேக்கல. நாப்பது பேருக்கு எதுக்குய்யா மைக்கு, வாத்தியார் தொண்டை பத்தாதா?

அசல் சமாச்சாரம் மலைக்கு இன்னொரு பக்கம், சமணர் குகையில. பாறை நெத்தியில மழைத்தண்ணி உள்ள வராம இருக்க ஒரு விளிம்பு வெட்டியிருக்காங்க, அங்கதான் தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமின்னு சொல்ற பழைய தமிழ் எழுத்து, இருக்குன்னாங்க. நான் பாக்குறேன், மச்சான் பாக்குறான், ஒரு மண்ணும் தெரியல. வெறும் பாறை. அப்ப ஸ்டூடியோக்கார அண்ணன் ஒரு சாதா டார்ச்ச எடுத்து, நேரா அடிக்காம, பாறையோட ஒட்டி சைடுல இருந்து அடிச்சாரு பாருங்க, எழுத்து பூராம் நெழல் விழுந்து அப்படியே எந்திரிச்சு நிக்குது! கூட்டத்துல இருந்து ஒரே "ஏய்ய்ய்"னு சத்தம். டார்ச்ச எடுத்தா மறுபடியும் பாறை. திரும்ப அடிச்சா எழுத்து. பாப்பா அஞ்சு தடவ அடிக்கச் சொல்லிக் கேட்டா, அவரும் சலிக்காம அடிச்சாரு.

ரெண்டு கல்வெட்டு இருக்கு. ஒண்ணு நெல்வேலி செழியன்னு ஒரு ஆளைச் சொல்லுது. இன்னொண்ணு 2003லதான் கண்டுபிடிச்சிருக்காங்க, இலஞ்சி வேள் மகன் எமயவன் இந்த நல்ல முழாகையக் கொடுத்தான்னு வருது. முழாகைன்னா குகை, முழைஞ்சுன்னு சொல்றோம்ல அதே சொல்லுதான். இலஞ்சின்னதும் மச்சான் "குத்தாலத்துப் பக்கம் இலஞ்சியா?"ன்னான். மொத தடவையா வாயத் தொறந்தான். ஆமா, அந்த ஊரா இருக்கலாம்னுதான் ஆராய்ச்சியாளர்களும் சொல்றாங்கன்னு வாத்தியார் சொன்னாரு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி தென்காசிப் பக்கம் இருந்து ஒருத்தன் மேலூர்ப் பக்கம் இருக்குற துறவிகளுக்கு குகை வெட்டிக் கொடுத்திருக்கான்னா நடுவுல எத்தன ரோடு, எத்தன சத்திரம், எத்தன யாவாரம் இருந்திருக்கணும்னு யோசிச்சுக்கிட்டே எறங்குனேன்.

அதே எடத்துல ஒரு தீர்த்தங்கரர் (சமணங்க கும்புடுற குரு) சிற்பம், மேல மூணடுக்கு குடை, கீழ வட்டெழுத்துன்னு சொல்ற இன்னொரு பழைய தமிழ் எழுத்து. அச்சணந்திங்கற சமணத் துறவி செய்வித்த திருமேனி, இத பாதிரிக்குடியார் பாத்துக்கணும்னு அர்த்தம் வருதாம். பாதிரிக்குடிங்கறது இந்த ஊரோட பழைய பேருன்னாங்க. அப்ப அந்தக் காலத்துலயே பராமரிப்பு வேலைய ஊர்க்காரன் தலையில கட்டிட்டு போயிருக்காங்க. இன்னைக்கும் அவந்தான் பாக்குறான்.

ஒரு கொறை, இது பெரிய கொறை. மைக்கப் புடிச்ச ஒரு தம்பி "உலகத்துக்கே எழுத்து கத்துக்குடுத்தவன் தமிழன்"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிசம் ஓட்டுனாரு. ஏன் தம்பி, கண்ணு முன்னாடி அவ்வளவு பெரிய சங்கதி கல்லுல இருக்கு, அதையே பொறுமையா வாசிச்சுக் காட்டுனா போதாதா, வாட்ஸப் ஃபார்வர்டு எதுக்கு? நர்ஸ் அக்காதான் நடுவுல பூந்து "சாப்பாடு ஆறுது"ன்னு நிப்பாட்டி விட்டாங்க. அந்த அக்காவுக்கு கோயில் கட்டணும்.

சாப்பாடு கேப்பைக்கூழு, சின்ன வெங்காயம், மோர்மொளகா, பெருசுகளுக்கு இட்லி. ஊர்ல ஒரு அப்பத்தா வீட்டுத் திண்ணையில உக்காந்து சாப்பிட்டோம். எவர்சில்வர் தட்டு, சாப்டவங்க அவங்கவங்களே கழுவி வைக்கணும், பேப்பர் பிளேட்டுக்கு தடா. மச்சான் மூணு சொம்பு குடிச்சான். பொம்பளைங்களுக்கு பாத்ரூம்னு பாத்தா அப்பத்தா வீட்டு பாத்ரூம் ஒண்ணுதான், வரிசையில நிக்கணும், மலை மேல ஒண்ணும் கெடையாது, இத மெசேஜ்லயே முன்கூட்டி சொல்லணும்.

அப்புறம் கீழவளவு. வெயில் ஏறிருச்சு, ரெண்டு எடத்த ஒரே காலையில அமுக்குனது தப்பு, புள்ளைங்க சொணங்கிருச்சுங்க. கிரானைட் குவாரிக்காரங்க தோண்டுன பள்ளத்தையெல்லாம் தாண்டித்தான் போகணும், அடுக்கடுக்கா வெட்டி எடுத்த பாறை, அடியில பச்சத்தண்ணி. அந்தப் பக்கம் பஞ்சபாண்டவர் மலை மட்டும் தொல்லியல் துறை போர்டோட தப்பிச்சு நிக்குது. இங்க உள்ள தமிழி கல்வெட்டுல எழுத்துங்க தலைகீழாவும் இடவலம் மாறியும் வெட்டியிருக்கு. ஆளாளுக்கு தலைய சாச்சுக்கிட்டு, போன்ல போட்டோ எடுத்து அதைத் திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு நின்னோம். தொண்டிக்காரர் ஒருத்தர் கொடுத்த பள்ளி, அதாவது துறவிங்க தங்குற எடம், அதுன்னு அர்த்தமாம். வெட்டுனவன் ஏன் அப்படி வெட்டுனான்னு ஆளுக்கொரு கதை விட்டாய்ங்க, எனக்குப் புடிச்சது ஒரு பொடியன் சொன்னதுதான்: "மேல இருந்து தொங்கிக்கிட்டு வெட்டிருப்பாரு சார்."

திரும்பி வந்து மேலூர்ல அவங்க ரூமு. மாடியில ஒத்த ரூமு, தகரம் வேஞ்சது, மத்தியானம் அடுப்பு மாதிரி இருக்கு. செவுத்துல பழைய போட்டோக்கள், சந்தை, பழைய கல்யாணங்க, ஊர்ல வீடு வீடா வாங்கி ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினலத் திருப்பிக் குடுத்துருவாங்களாம். போட்டோவுக்குப் பின்னாடி யார் வீடு, யார் யாரு நிக்கிறாங்க, எந்த வருசம்னு பென்சில்ல எழுதுறாங்க, பேனாவுல எழுதுனா மை மறுபக்கம் ஊறிரும்னு அண்ணன் சொன்னாரு. ஒரு கல்வெட்டு போட்டோவுக்கு கீழ "2500 ஆண்டு பழமை"ன்னு இருந்துச்சு. காலையில வாத்தியார் சொன்னது 2200. கேட்டேன். அவரு உத்துப் பாத்துட்டு, பேசாம பேனாவ எடுத்து அடிச்சு 2200னு மாத்தி எழுதிட்டாரு. என் 5க்கு 4ல ஒரு மார்க் அதுக்குத்தான்.

அங்க ஒரு ஒடஞ்ச கல்லுல படி எடுக்குறது எப்படின்னு புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க. தடிமனான பேப்பர நல்லா நனச்சு கல்லு மேல விரிச்சு, பிரஷ்ஷால பொத்துப் பொத்துன்னு அடிச்சு எழுத்துப் பள்ளத்துக்குள்ள பேப்பர இறக்கி, கொஞ்சம் காஞ்சதும் துணிப்பந்துல மைய ஒத்தணும். மேடான எடம் கருப்பாகும், எழுத்து வெள்ளையா நிக்கும். பாப்பா அடிச்ச அடியில பேப்பரு ரெண்டு எடத்துல கிழிஞ்சிருச்சு, மூஞ்சி பூராம் மை. கூடவே, மலையில இருக்குற கல்வெட்டுல சாக்பீஸ் போடாத, சுண்ணாம்பு தடவாத, உன் பேர எழுதாதன்னு கையடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க.

போறவங்களுக்கு: ஷூ போட்டுட்டு போங்க, ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு டார்ச், தொப்பி. ரூம்ல பேன் ஒண்ணுதான் ஓடுது. தூக்குவாளியில நான் 200 போட்டேன், மச்சான் 50 போட்டான், மூணு சொம்பு கூழுக்கு அது கம்மி.

அடுத்த நடை மாங்குளம், நெடுஞ்செழியன் பேரு வர்ற கல்வெட்டு இருக்குற மலை. ஏத்தம் ஜாஸ்தியாம். முட்டிவலி இருக்குற எங்க அத்தையக் கூட்டிட்டு வரலாமான்னு நர்ஸ் அக்காகிட்ட கேட்டேன். "கூட்டிட்டு வாங்கண்ணே, பாதி மலை வரைக்கும் ஏறட்டும், அங்க நான் கூட உக்காந்திருக்கேன், மிச்சத்த உங்க பாப்பா வந்து கதை சொல்லட்டும்"னாங்க. அத்தை இப்பவே கேன்வாஸ் ஷூ வாங்கித்தான்னு நச்சரிக்குது.