கல்யாண போட்டோவுக்கு கோவை கேண்டிட் டீமா, உள்ளூர் ஸ்டுடியோவா?

தங்கச்சி கல்யாணம் வைகாசியில் கோபிசெட்டிபாளையத்தில் நடந்தது. மண்டபம், சமையல் எல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார், போட்டோவும் வீடியோவும் என் பொறுப்பு. கைக்கு வந்த கொட்டேஷன் மூன்று: கோவையிலிருந்து ஒரு கேண்டிட் டீம் (போஸ் கொடுக்க வைக்காமல், நடப்பதை நடக்கும்போதே இயல்பாக எடுப்பவர்கள்), கோபியிலேயே பல வருஷமாக இருக்கும் ஒரு ஸ்டுடியோ, மண்டபத்தில் டெக்கரேஷனோடு சேர்த்துத் தரும் பேக்கேஜ். நாங்கள் உள்ளூர் ஸ்டுடியோவைத்தான் பிடித்தோம். முகூர்த்தத்துக்கு மட்டும் கேண்டிட் எடுக்க ஓர் ஆளை அவர்கள் மூலமாகவே சேர்த்துக்கொண்டோம். ஆல்பம் வீட்டுக்கு வந்துவிட்டது, இப்போதும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

மண்டபத்து பேக்கேஜை முதலில் தள்ளிவிடுகிறேன். 60,000 என்றார்கள், மூன்றிலும் குறைவு. ஆனால் யார் வந்து எடுப்பார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அன்றைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவர்களை அனுப்புவார்களாம். எடுத்த ஆல்பம் ஒன்றைக் காட்டச் சொன்னால் அதுவும் இல்லை. அத்தோடு விட்டுவிட்டோம்.

விலை விஷயம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் கொட்டேஷனில் இருக்கும் எண் ஒன்று, கடைசியில் கையை விட்டுப் போகும் பணம் வேறு. கோவை டீம் 1,60,000 சொன்னார்கள். வரவேற்பு, முகூர்த்தம் இரண்டுக்கும் ஐந்து பேர் வருவார்கள், ஓர் ஆல்பம், ஒரு ஹைலைட்ஸ் வீடியோ. கீழே சின்ன எழுத்தில் ஜிஎஸ்டி தனி என்று இருந்தது. 18 சதவீதம் என்றால் 28,800, மொத்தம் 1,88,800. அதற்கு மேல் ஐந்து பேரும் தங்க லாட்ஜில் ரூம், வண்டி வாடகை எல்லாம் நம் கணக்கு. ஆக இரண்டு லட்சம். உள்ளூர் ஸ்டுடியோ 75,000, கேண்டிட் ஆளுக்கு 20,000, முடிந்தது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஸ்டுடியோ ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் பெரும்பாலும் பில்லில் வரி வராது. பதிவு இருப்பவர் வரி போடுவது நியாயம்தான், நான் சொல்வது இரண்டு கொட்டேஷனையும் வரி சேர்த்தே ஒப்பிடுங்கள் என்று மட்டும்.

படத்தின் தரத்தில் கோவை டீம் ஒரு படி மேலேதான், இதை மறைக்க மாட்டேன். அவர்கள் காட்டிய படங்களில் மண்டபத்து மஞ்சள் லைட்டிலேயே ஃபிளாஷ் இல்லாமல் மணப்பெண்ணின் முகம் அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளூர் ஸ்டுடியோ எடுத்தது நல்ல தெளிவு, ஆனால் எல்லாமே நேருக்கு நேர் நிற்க வைத்து ஃபிளாஷ் அடித்த படம். அதனால்தான் முகூர்த்தத்துக்குத் தனியாக ஒரு கேண்டிட் ஆள் சேர்த்தோம். அப்பா கண் கலங்கியது, தாலி முடிச்சு விழும்போது தங்கச்சி தலை குனிந்தது எல்லாம் அவர் எடுத்தவை.

சீர் விஷயத்தில் உள்ளூர்க்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் (மாப்பிள்ளையோடு அவர் சகோதரி உட்கார்ந்து செய்யும் சீர்) உண்டு, சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரர் உண்டு, மங்கல வாழ்த்துப் பாட்டு உண்டு. எதற்குப் பிறகு எது, யார் எந்தப் பக்கம் வந்து நிற்பார்கள் என்பது ஸ்டுடியோ அண்ணனுக்கு மனப்பாடம். மாப்பிள்ளையின் அக்கா இணைச்சீருக்கு வந்து உட்காருவதற்குள் அவர் இடம் பிடித்துவிட்டார். வெளியூர் டீமாக இருந்தால் நாம் ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முடியாத காரியம் இல்லை, முன்னாடியே ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் நல்ல டீம் பிடித்துக்கொள்ளும். அதனால் இதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

எங்களை முடிவு செய்ய வைத்தது ஆல்பம். கல்யாணம் முடிந்த பிறகு நடக்கும் வேலை. இதைப் பற்றி புக்கிங் சமயத்தில் யாரும் பேசுவதே இல்லை, எல்லாரும் எத்தனை கேமரா, ட்ரோன் உண்டா, எல்ஈடி வால் உண்டா என்றுதான் கேட்கிறார்கள்.

இரண்டு நாளில் ஆயிரக்கணக்கில் படம் எடுப்பார்கள். நமக்கு வருவது 12க்கு 36 அங்குல ஷீட் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷீட்டுக்கு ஐந்து படம் போட்டால் 200 படம். ஆயிரக்கணக்கில் இருந்து 200ஐ எடுப்பது யார்? மணமக்கள்தான் எடுக்க வேண்டும் என்பார்கள், ஆனால் தங்கச்சியும் மாப்பிள்ளையும் பத்து நாளில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். லிங்க் அனுப்பினால் அது அப்படியே கிடக்கும். எனக்குத் தெரிந்தே சில வீடுகளில் முதல் குழந்தை பிறந்த பிறகும் ஆல்பம் வரவில்லை, கேட்டால் ஸ்டுடியோ வீட்டாரைச் சொல்லும், வீட்டார் ஸ்டுடியோவைச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

உள்ளூரில் எடுத்ததால் இந்த வேலையை அம்மா கையில் எடுத்துக்கொண்டார். காய்கறி வாங்கப் போகும்போது ஸ்டுடியோவுக்குள் போய் டிசைன் செய்யும் பையன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். “ஏப்பா கண்ணு, பெரியாத்தா படத்தையே காணோமே?” என்பார். “இருக்குதுங்க அக்கா, அடுத்த ஷீட்ல போட்டிருக்கறனுங்க” என்று அவன் திறந்து காட்டுவான். சேலத்து மாமா குடும்பத்தோடு மேடை ஏறிய படம் விட்டுப்போனது, ஒரே சித்தப்பா மூன்று இடத்தில் வந்தது, அட்டையில் மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது, எல்லாம் அங்கேயே உட்கார்ந்த இடத்தில் சரியானது. உறவுக்காரர்களின் முகமும் முறையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யவே முடியாது என்பது என் கருத்து. விட்டுப்போன ஒரு மாமா படத்துக்காக வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

கோவை டீமின் ஒப்பந்தத்தில் இதற்கு என்ன வழி என்று பார்த்தேன். டிசைன் வாட்ஸ்அப்பில் வரும், இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் காசு. ஆல்பம் 30 ஷீட்தான், கூடுதல் ஷீட்டுக்கு 800. நம் பக்கத்து கல்யாணத்தில் மேடை ஏறும் உறவுக்காரர்களை மட்டும் போட்டாலே 30 பத்தாது. 45 ஷீட் ஆனால் 12,000 கூடும். உள்ளூரில் 40 ஷீட், கூடுதலுக்கு 350. இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலான ஸ்டுடியோக்கள் ஆல்பத்தைத் தாங்களே அச்சடிப்பதில்லை, லேபுக்கு அனுப்பித்தான் வாங்குகிறார்கள். ஆகவே தாளும் பைண்டிங்கும் எப்படி இருக்கும் என்பது எந்த லேப், எந்தத் தாள் என்பதைப் பொறுத்தது. கொட்டேஷனில் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரிய டீம் என்பதால் ஆல்பம் தானாகவே நீடித்து உழைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் முறையும் ஆல்பத்தோடு சேர்ந்ததுதான். கோவை டீம் கேட்டது புக்கிங்குக்குப் பாதி, கல்யாணத்தன்று மீதிப் பாதி. அதாவது ஆல்பம் டிசைன் தொடங்கும் முன்பே முழுப் பணமும் போய்விடும். உள்ளூரில் 10,000 அட்வான்ஸ், கல்யாணத்தன்று 50,000, மீதி 35,000 ஆல்பமும் ஹார்டு டிஸ்க்கும் கைக்கு வந்த அன்று. 35,000 நம்மிடம் நிற்கும்போது வேலை நகர்கிறது. எங்களுக்கு ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன்பே ஆல்பம் வந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோக்காரர்களுக்குக் கை ஓயும் மாதம் அதுதான், வைகாசி ஆனிக் கல்யாணங்களின் ஆல்பத்தை அந்த இடைவெளியில் முடித்து வாங்கினால்தான் உண்டு. அதை விட்டால் ஆவணி, ஐப்பசி என்று அடுத்தடுத்து வேலை வந்து நம்முடையது அடியில் போய்விடும். யாரைப் புக் செய்தாலும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது கடைசித் தவணையாக ஆல்பத்துக்கு என்று நிறுத்தி வையுங்கள். ஒத்துக்கொள்ளாத டீம் என்றால் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் நான் தயங்குவேன்.

எடுத்த படம் மொத்தமும் வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் போட்டோ வீடியோ சேர்ந்தால் ஒரு டிபி ஹார்டு டிஸ்க் போதாமல் போகலாம், இரண்டு டிபி வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது, வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஸ்டுடியோவில் இருக்கும் என்று நம்பி விடக்கூடாது, அடுத்த சீசனுக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிடுவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. உரிமை பற்றி ஒரு வார்த்தை: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் அந்த ‘வேறு மாதிரி ஒப்பந்தம்’ நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாளிலேயே இருக்கலாம். கோவை டீமின் தாளில் இருந்தது, உரிமை அவர்களுக்கு, இன்ஸ்டாகிராமில் போடவும் அனுமதி. வீட்டுப் பெண்களின் படம் எங்கே போகிறது என்பது உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், கேட்டால் பலர் அடித்துத் தருவார்கள்.

கல்யாணமே கோவையிலோ சென்னையிலோ நடந்து, மணமக்களும் அங்கேயே இருந்து, இருநூறு பேரை மட்டும் அழைத்த கல்யாணம் என்றால் நான் இதுவரை சொன்னது பாதி பொருந்தாது. அப்போது அந்த டீம்தான் உங்களுக்கு உள்ளூர், நேரில் போய் உட்கார்ந்து வேலை வாங்கலாம், உறவுக்காரர் படமும் கம்மி, கேண்டிட் படங்களுக்கு ஆல்பத்தில் இடம் இருக்கும். அங்கே அவர்களையே பிடிப்பது சரியாக இருக்கலாம்.

வீடியோவில் எனக்கு அனுபவம் குறைவு. நாங்கள் எடுத்தது முழு நிகழ்ச்சியையும் காட்டும் சாதாரண வீடியோ, தாத்தாவும் அப்பாவும் அதைத்தான் கேட்டார்கள். சினிமா போல வெட்டிக் கொடுக்கும் ஹைலைட்ஸ் எவ்வளவு நாள் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ப்ரீ வெட்டிங் ஷூட்டும் நாங்கள் செய்யவில்லை. அதில் இறங்குபவர்கள் அதற்கு மட்டும் தனி விலை கேட்டுப் பாருங்கள், மொத்தப் பேக்கேஜில் சேர்த்தால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது.

கடைசியாக இரண்டாவது ஆல்பம். மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று பெரும்பாலும் கல்யாணம் முடிந்த பிறகுதான் பேச்சு வரும். டிசைன் ஒன்றேதான், அச்சடிக்கும் செலவு மட்டும்தான் கூடுதல், ஆனால் பிறகு தனியாகக் கேட்டால் முழு விலை சொல்வார்கள். புக்கிங் அன்றே இரண்டு ஆல்பத்துக்கு விலை பேசி, யார் கொடுப்பது என்று சம்பந்தி வீட்டாரிடமும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.