பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கி 1,35,000 ரூபாய் தண்டம்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் பழைய ஆட்டோமேட்டிக் கார் தேடுபவர்கள் மட்டுமாவது படியுங்கள். மூன்று வாரத்துக்கு முன் 4,60,000 ரூபாய் கொடுத்து ஒரு சி.வி.டி. (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒரு வகை) வண்டி எடுத்தேன். நேற்று கியர்பாக்ஸுக்கு மட்டும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் 1,35,000 ரூபாய்.

கடைப் பெயர் வேண்டாம். பைபாஸ் ஓரம் வரிசையாக வண்டி நிறுத்தியிருக்கும் ஒரு கார் கன்சல்டிங். எனக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கிளட்ச் மிதிக்க முடியாது என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. "எங்கப்பாவுக்கும் இதே முட்டிதாங்கண்ணா. அவருக்கு எடுத்துக் குடுக்கற மாதிரி நெனச்சுத்தான் இந்த வண்டியக் காட்டறேன்" என்றான் அங்கே வண்டி காட்டியவன். உருகிவிட்டேன். பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. "இப்பத்தான் வாட்டர் வாஷ் போட்டுட்டு வந்துச்சுங்கண்ணா." அதற்குள் டீ வந்தது. நானும் குடித்தேன்.

ஏற்காடு அடிவாரம் போய் இரண்டு வளைவு ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வீர்கள் என்று சொல்லி, ஐந்து ரோடு வரை கூட்டிப்போய்த் திருப்பினான். வெண்ணெய் மாதிரி ஓடியது. கியர்பாக்ஸுக்கு ஆறு மாதம் தானே பொறுப்பு என்றான், வாயால் மட்டும். அன்றே பணம் கட்டி, "பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து டி-யில் (முன்னால் ஓட்டும் கியர்) போட்டால், இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. கேட்டதற்கு, "சி.வி.டி. அப்படித்தாங்கண்ணா, பழகிரும்." சரி என்று விட்டேன். போன சனிக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பதினொன்றாவதில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் சுற்றும் வேகம், அதாவது ஆர்.பி.எம்., 4,500-க்கு ஏறுகிறது, வண்டியின் வேகம் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. கருகிய வாடை. அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவர் புண்ணியவான்.

மெக்கானிக் சொன்னது இதுதான். சி.வி.டி.யில் கியர் பற்சக்கரங்கள் மாறுவதில்லை. இரண்டு புல்லி, நடுவே ஒரு இரும்பு பெல்ட். ஆயில் கெட்டால் பிடிமானம் போய் பெல்ட் வழுக்கும். என் வண்டி ஆயில் தார் நிறத்தில் இருந்தது. சமதளத்தில் தெரியாது, மலையில் சூடேறினால் தெரியும். குளிர்ந்த வண்டியைக் காலையில் எடுத்திருந்தால் அந்தக் குலுக்கலே காட்டிக் கொடுத்திருக்கும். வாட்டர் வாஷ் என்று சொல்லி வண்டியைச் சூடாக வைத்திருந்தது எதற்கு என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஸ்கேனர் போட்டார். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் 221 கிலோமீட்டர் என்று காட்டியது. டெலிவரி நோட்டில் எழுதிய மீட்டரிலிருந்து நான் ஓட்டியது 212. மீதி ஒன்பது, ஐந்து ரோடு போய்வந்த தூரம். அதாவது நான் டீ குடிக்கப் போவதற்குச் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள்!

போன் செய்தால், "பேட்டரி கழட்டி மாட்டுனோம், அதுல அழிஞ்சிருக்கும்." நேரில் போனால், "ஓனர் ஈரோடு போயிருக்காருங்க." மூன்றாம் தடவை, "மலையில எந்த வண்டிதான் திணறாது?" நேற்று, "கையெழுத்துப் போட்டீங்கல்ல சார்." அண்ணா சார் ஆகிவிட்டது. 1,35,000 ரூபாய். என் நாலு மாதச் சம்பளம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள், பானெட் சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். உங்கள் மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிப்போங்கள். மேடு ஏற்ற விடாதவனிடம் வாங்காதீர்கள். வாரண்டியை எழுதி வாங்குங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப் போகிறேன். கியர்பாக்ஸைப் பிரிக்கலாமா என்று மெக்கானிக் இப்போதும் கூப்பிட்டார். பிரித்தால் சாட்சி போய்விடும், அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆபீஸுக்கு டவுன் பஸ்தான்.