மலை மடுவில் குதிக்கப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: எனக்கு ரூ.12,400 போயிற்று

சனிக்கிழமை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வார இறுதி மலைப்பயணங்களை விற்கும் ஒரு செயலியில், தலைக்கு ரூ.3,100 வீதம் நான்கு பேருக்கு ரூ.12,400 கட்டினேன். நான், என் மைத்துனன், கல்லூரியில் படிக்கும் அக்கா மகன்கள் இருவர். நாகலாபுரம் மலை ஓடையில் 20 அடிப் பாறையிலிருந்து மடுவில் குதிக்கலாம். வனத்துறை அனுமதி, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர், லைஃப் ஜாக்கெட், மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம் என்று போட்டிருந்தார்கள். சொன்னபடி வந்தது சாப்பாடு ஒன்றுதான். இப்படிப்பட்ட பயணத்துக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

விசாரிக்காமல் பணம் கட்டுகிறவன் அல்ல நான். முதலில் பயணத்தை நடத்துபவரை அழைத்துப் பேசினேன். எடுத்தவர் அவ்வளவு பணிவாகப் பேசினார். “அண்ணா, அக்கா பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். அவர்கள் என் தம்பிகள் மாதிரி. நான் பொறுப்பு” என்றார். ஐந்தே நிமிடத்தில் அனுமதிக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை. அதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிட்டது, பணத்தை அனுப்பிவிட்டேன். நாகலாபுரம் இருப்பது ஆந்திரத்தில், திருப்பதி மாவட்டத்தில். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் எல்லை வந்துவிடும். அங்குள்ள வேதநாராயண சுவாமி கோயிலுக்கு நானே இரண்டு முறை போயிருக்கிறேன். ஆந்திரத்து மலைக்குத் தமிழ்நாட்டு வனத்துறை எப்படி அனுமதி தரும்? அந்த நேரத்தில் அது உறைக்கவில்லையே என்பதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

அடிவாரத்தில் ஆந்திர வனத்துறை ஊழியர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இது செல்லாது, திரும்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். எங்களோடு வந்த வழிகாட்டிக்கு இருபது வயது இருக்கலாம். வேனைத் திருப்பி, ஒரு மாந்தோப்பின் ஓரமாக நிறுத்தி, வேறு பாதையில் அழைத்துப் போனான். “சார், எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்” என்றான். அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தேன்.

இரண்டு மணி நேரம் பாறை பாறையாகத் தாண்டிப் போனோம். செயலியில் காட்டிய படத்தில் மடு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அது மழை முடிந்த கையோடு, டிசம்பர் வாக்கில் எடுத்த படமாக இருக்க வேண்டும். நாங்கள் போனது மார்ச் மாதம். பழைய நீர்மட்டம் பாறையில் வெள்ளைக் கோடாகப் படிந்து என் தலைக்கு மேலே தெரிந்தது. மடுவில் இருந்த தண்ணீர் கரும்பச்சை, அடி தெரியவில்லை. பெரியவன் சட்டையைக் கழற்றிவிட்டு உச்சியில் ஏறி நின்றுவிட்டான். வழிகாட்டியிடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன்.

“போன மாதம்கூடக் குதித்தார்கள் சார்.”

ஆழம் கேட்டால் இது ஒரு பதிலா? அளந்தாயா என்றேன். சிரித்தான். உயிர்காப்பாளர் எங்கே என்றேன். தானேதான் என்றான். பெரியவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் ஓரமாக இறங்கி நீந்திப் போய், அவன் விழப்போகும் இடத்தில் காலை விட்டுப் பார்த்தேன். மார்பளவுத் தண்ணீரில் என் கால் ஒரு பாறையின் மேல் நின்றது. எருமை முதுகு போல அகலமான பாறை. 20 அடியிலிருந்து விழும் உடல் மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் தண்ணீரைத் தொடும். அந்த வேகத்தில் என் அக்கா மகன் அந்தப் பாறையில் இறங்கியிருப்பான். கைப்பேசியில் சிக்னல் இல்லை, தூக்கிப்போக ஸ்ட்ரெச்சர் இல்லை, முதலுதவி என்று வழிகாட்டியின் பையில் இருந்தது ஒரு பிளாஸ்திரிச் சுருள். கழுத்தெலும்பு முறிந்தவனை இரண்டு மணி நேரப் பாறை வழியில் எப்படிக் கொண்டுவருவது? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

யாரும் குதிக்காமல் திரும்பினோம். அன்று இரவே ரூ.12,400-ஐத் திருப்பிக் கேட்டேன். “தம்பிகள் மாதிரி” என்று சொன்ன அதே மனிதர், “சார், பயணம் நடந்து முடிந்துவிட்டது, குதிக்காதது உங்கள் விருப்பம்” என்றார். ஒரே நாளில் அண்ணன் சார் ஆகிவிட்டேன். செயலியின் சேவை மையத்தைக் கேட்டால், நாங்கள் பதிவு செய்து தருபவர்கள் மட்டுமே, நடத்துபவரைக் கேளுங்கள் என்கிறார்கள். நடத்துபவரோ செயலியைக் கேள் என்கிறார். மூன்றாவது அழைப்பில், அடுத்த பயணத்துக்கு ரூ.500 தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அடுத்த பயணமா! நான் எழுதிய விமர்சனம் இன்று காலை காணாமல் போய்விட்டது, என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ரூ.12,400 எனக்குச் சின்னத் தொகை அல்ல.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. இவற்றையாவது கேட்டுக்கொள்ளுங்கள். மலை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வனத்துறை அலுவலகத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு வெள்ளமும் பாறைகளையும் மரக்கட்டைகளையும் உருட்டிக்கொண்டு வந்து போடும். போன மாதம் குதித்தார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். குதிக்கும் நாளன்று ஒருவர் இறங்கி, விழும் இடத்தையும் அதைச் சுற்றிலும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். கரையேற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாசிப் பாறையில் கை நிற்காது. மேல்மலையில் மழை என்றால் உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் ஓடையில் இறங்காதீர்கள். தளர்ந்த லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து குதித்தால் அது மேலேறித் தாடையில் அடிக்கும். எங்களுக்குக் கொடுத்த நான்கில் மூன்றுக்குக் கொக்கியே இல்லை.

அந்தக் கடிதத்தை இன்று மறுபடி திறந்து பார்த்தேன். அதில் தேதி இல்லை. இதே போன்ற ஒன்று உங்களுக்கும் வந்திருந்தால் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றே 1915-ஐ அழையுங்கள்.